ஆயில் போல்ட் கழலாவிட்டால்

முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். இந்த அத்தியாயத்தைத் தேடிப் புரட்டுகிறவர் அநேகமாக வண்டிக்கு அடியில் படுத்து, ஒரு முறை இழுத்துப் பார்த்து, போல்ட் தலை லேசாக வழுக்கியதைக் கையில் உணர்ந்து எழுந்து வந்தவராகத்தான் இருப்பார். அந்த வழுக்கல் ஓர் எச்சரிக்கை. அதே ஸ்பேனரை அதே இடத்தில் மாட்டி, "இன்னும் ஒரே ஒரு தம்" கட்டினீர்களானால் ஆறு முனையும் மழுங்கித் தலை உருண்டையாகிவிடும். பழைய ஆயிலோடு வண்டி இன்னும் ஒரு வாரம் ஓடினால் குடிமுழுகிப் போகாது.

ஒரு கணக்கை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். போல்ட் நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற சாமான். அது திருகப்பட்டிருக்கும் அலுமினியக் கேஸ் போனால் இன்ஜினையே இறக்க வேண்டும். செலவு ஆயிரங்களில் வந்து நிற்கும். ஆகவே இந்தச் சண்டையில் போல்ட் சாகலாம், கேஸுக்குக் கீறல் விழக் கூடாது. கீழே நான் சொல்லும் ஒவ்வொரு முறையையும் இந்தக் கணக்கை வைத்தே சரி, தப்பு என்று பிரித்திருக்கிறேன்.

கடல்நீரில் மூழ்கிய வண்டிக்கு மட்டும் விதிவிலக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமியன்று காரைக்கால் கரையோரம் முழுக்கப் பார்த்ததுதான். உப்புத்தண்ணீர் இன்ஜினுக்குள் போய், ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு வந்துவிட்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போய்ப் பட்டறையில் விட்டு, எப்பாடு பட்டாவது அன்றைக்கே ஆயிலை இறக்க வேண்டும்.

மற்றபடி, காரைக்காலின் பிஒய் 02 நம்பர் வண்டிகளுக்கு ஏன் இந்தத் தொல்லை அதிகம்? கடற்கரையிலிருந்து வரும் காற்றில் உப்புத் துகள் இருக்கிறது. உப்பு, காற்றிலுள்ள ஈரத்தைத் தானாக இழுத்துக்கொள்ளும். மழை பெய்யாத நாளிலும் வண்டியின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். அங்கே எஃகு போல்ட்டும் அலுமினியக் கேஸும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு வெவ்வேறு உலோகம், நடுவில் உப்புத்தண்ணீர் என்றால் அது ஒரு குட்டி பேட்டரி. அலுமினியம் அரித்து வெள்ளை மாவாகும், எஃகு துருவாகும். இரண்டும் பழைய உலோகத்தைவிட அதிக இடம் பிடிப்பதால் இடுக்கில் ஆப்பு அடித்தாற்போல் இறுகும். 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்த அரிப்பைப் படிப்பதற்காகவே மண்டபம் கடற்கரையில் ஓர் ஆய்வுத்தளம் வைத்திருக்கிறது. காரைக்காலுக்கும் காரைக்குடிக்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. ஆனால் எங்கள் ஊர்த் துருவுக்குப் பக்கத்து 'காரை'யில் விடை தேடுகிறார்கள் என்பதில் எனக்கொரு திருப்தி.

இந்த உப்பு ஊருக்குள் போகப் போகச் சீக்கிரமே குறைந்துவிடும். கிளிஞ்சல்மேட்டிலோ பட்டினச்சேரியிலோ வாசலில் நிற்கும் வண்டிக்கும், நெடுங்காட்டில் நிற்கும் அதே வயது வண்டிக்கும் அடிப்பக்கத்தைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும் தெருவில் இருப்பவர்கள் இன்னொன்றும் செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வண்டியை அதே தண்ணீரில் கழுவி, காற்று விட்டுவைத்த குறையையும் நாமே தீர்த்துவைக்கிறோம்.

இவ்வளவு சொன்னாலும், முழுப் பழியையும் கடல்மேல் போட முடியாது. ஆயிலை வடிக்கும் இந்த போல்ட்டின் மரை உள்ளேயிருந்து எப்போதும் ஆயிலில் ஊறிக்கொண்டிருப்பது. அங்கே துரு ஏறாது. பிடித்துக்கொள்வது வெளியே தெரியும் தலையும் அதன் அடியிலுள்ள வாஷரும்தான். அதற்கும் மூல காரணம் முக்கால்வாசி நேரம், போன தடவை மாட்டியவர் அளவுக்கு மீறி முறுக்கியது. நூறு சிசி வண்டிகள் பலவற்றில் இந்த போல்ட் 12 மி.மீ. தண்டு, 1.5 மி.மீ. மரை, 17 மி.மீ. தலை. இந்த அளவு போல்ட்டுக்கு ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். பட்டறைக் கணக்கில் சொன்னால், கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் பத்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு. அறுபது கிலோ ஆள், அறுபது சென்டிமீட்டர் பைப்பைச் சொருகி அதன் நுனியில் ஏறி மிதித்தால் அதைப்போல் பதினான்கு மடங்கு. "நல்லா டைட் வச்சிருக்கேன் அண்ணே, ஒரு சொட்டு ஒழுகாது" என்று சொல்லி அனுப்பியவர் எந்தக் கணக்கில் வைத்தார் என்பது உங்களுக்கு இன்றைக்குத் தெரிகிறது.

சரி, தலை இன்னும் நன்றாக இருக்கிறது, போல்ட்தான் அசையவில்லை. இந்தக் கட்டத்தில் செய்ய நிறைய இருக்கிறது.

எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். போல்ட் தரையைப் பார்த்து இருப்பதால், மேலேயிருந்து குனிந்து கைவிடுகிறவருக்குத் திசை தலைகீழாகும். பழகிய மெக்கானிக்கே சில நேரம் கழற்றுவதாக நினைத்து இறுக்கிவிடுவார். போல்ட் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வலஞ்சுழி இறுக்கும், இடஞ்சுழி கழற்றும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவலஞ்சுழி இருக்கிறது. அங்கே பிள்ளையாரை வலம் வந்தால் போல்ட் இறுகும் என்று என் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவன் அதற்குப் பிறகு மறக்கவில்லை.

அடுத்து ஸ்பேனர். திறந்த வாய் ஸ்பேனர் தலையின் இரண்டு பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் ஆறு முனைகளின் நுனியைப் பிடிக்கும். ஆறு முனை சாக்கெட்தான் தட்டையான பக்கங்களில் முழுசாகப் படியும். அந்த ஒன்றுதான் இங்கே தேவை. ஸ்க்ரூ ஸ்பேனரை இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். தலையில் ஒட்டியிருக்கும் மண், தார், பெயின்ட் எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, சாக்கெட்டைச் சுத்தியால் லேசாகத் தட்டி அடிவரை இறக்குங்கள். பாதி தலையில் மாட்டி இழுத்ததால் போன போல்ட்டுகளே அதிகம்.

துரு இளக்கும் ஸ்பிரேயை எல்லோரும் நம்புகிறார்கள். டபிள்யூடி-40 அமெரிக்காவில் 1953-இல் ஈரத்தை விரட்டத் தயாரான திரவம். துருவை இளக்குவதற்கென்றே தனியாக வரும் எண்ணெய்கள் இதைவிடக் கொஞ்சம் மேல். எதுவானாலும் போல்ட் கீழ்நோக்கி இருப்பதால் அடித்த ஸ்பிரே இரண்டு நிமிடத்தில் தரைக்கு வந்துவிடும். பழைய பனியன் துணியைச் சின்னதாகக் கிழித்து, எண்ணெயில் நனைத்து, போல்ட் தலையைச் சுற்றி வைத்து, ரப்பர் பேண்டாலோ கம்பியாலோ கட்டி ஓரிரவு விடுங்கள். வாஷரின் விளிம்பு வழியாக அது மெல்ல ஏற வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை கட்டிவிட்டால் சனிக்கிழமை காலை வேலை. சனிபகவானின் உலோகம் இரும்பு, அவருக்கு உகந்தது எண்ணெய் என்பதால் எங்கள் பக்கம் பலர் அன்றைக்கு இரண்டையும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். சனிபகவான் கோயில் உள்ள திருநள்ளாற்றை ஐந்து கிலோமீட்டரில் வைத்துக்கொண்டு அதை மீறச் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. புது போல்ட், வாஷர், ஆயில் மூன்றையும் வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

காலையில் இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். கேஸைத் தொட்டால் சுட வேண்டும், ஆனால் கை வைக்க முடிய வேண்டும், அந்தப் பதம். சூட்டில் எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் அலுமினியம். 12 மி.மீ. துளையில் இந்தச் சூட்டில் கிடைக்கும் இடைவெளி ஒரு தலைமுடிப் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனால் துருப்பிடி விட அதுவே போதுமான சாக்கு. நீண்ட தூரம் ஓட்டி வந்து கொதிக்கக் கொதிக்கக் கழற்றாதீர்கள். சூடான அலுமினிய மரை மெத்தென்றிருக்கும், போல்ட்டோடு உரிந்து வரும், மேலே விழும் ஆயில் தோலையும் உரிக்கும். கேஸ் டார்ச், ஸ்டவ் நெருப்பு எல்லாம் வேண்டவே வேண்டாம். ஒரு சாண் மேலே பெட்ரோல் இருக்கிறது.

இனி அதிர்ச்சி. மெதுவாக, தொடர்ந்து, பல்லைக் கடித்து இழுப்பது ஒட்டிய போல்ட்டுக்குப் பழகிப்போன விஷயம். சட்டென்ற தட்டுக்குத்தான் அது விடும். சாக்கெட் கைப்பிடியை இடது கையால் போல்ட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையில் மரச் சுத்தியால் கைப்பிடி நுனியில் இடஞ்சுழியாக ஒரு தட்டு. அசையாவிட்டால் வலஞ்சுழியாக ஒரு மயிரிழை தட்டி, மீண்டும் இடஞ்சுழியாக. 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அது வாஷர் விட்ட சத்தம். அதற்குமேல் கையாலேயே சுற்றலாம்.

காரானால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். இரண்டு ஸ்டாண்டு, இல்லாவிட்டால் சரிவுப் பலகை. நீங்கள் சுத்தியால் தட்டும் அதிர்ச்சி ஜாக்கிக்கும் போகும்.

இப்போது தலை உருண்டுபோன கதைக்கு வருவோம். இதில் என் அனுபவத்தையே சொல்கிறேன், ஏனென்றால் தப்பு முழுக்க என்னுடையது. அப்பாவின் பழைய டப்பாவிலிருந்து ஒரு ரிங் ஸ்பேனரை எடுத்தேன். 17 நம்பர் தலையில் மாட்டியது. கொஞ்சம் ஆடியது. ஆடினால் என்ன என்று இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் அது வெண்ணெயில் கரண்டி போலச் சுற்றியது. வண்டியை அப்படியே நாகூர் பக்கத்தில் ஒரு லேத் பட்டறைக்கு ஓட்டிப் போனேன். பட்டறைக்காரர் வயதானவர்; எல்லோருக்கும் அவர் நானா. போல்ட்டைக் குனிந்து பார்க்கவேயில்லை, என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார்.

"தம்பி, இதுல என்ன போட்டிருக்கு?"

"பதினொண்ணு பை பதினாறு, நானா."

"இன்ச்சு ஸ்பேனரு. பழைய புல்லட்டு காலத்துச் சாமான். உன் வண்டி மில்லிமீட்டர்ல பொறந்தது."

பதினாறில் பதினோரு பங்கு இன்ச் என்பது 17.46 மி.மீ. அரை மில்லிமீட்டர் கூடுதல். அந்த அரை மில்லிமீட்டரில்தான் என் போல்ட்டின் ஆறு முனையும் போயின. மீட்டர் அளவு பிரான்சில் 1790-களில் பிறந்தது. 1954 நவம்பர் வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் இருந்துகொண்டு நான் ஆங்கிலேய ஸ்பேனரால் கெட்டேன்.

நானா வெல்டிங் மெஷின் பக்கமே போகவில்லை. தட்டை அரம் ஒன்றை எடுத்துக் குந்தி உட்கார்ந்தார். போல்ட் தலையின் எதிரெதிரான இரண்டு பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அரத்தை முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்தி, பின்னே இழுக்கும்போது தூக்கி, நிதானமாக ராவினார். ஐந்தாறு தள்ளலுக்கு ஒருமுறை ஊதிவிட்டு, 15 நம்பர் ஸ்பேனரின் வாயை வைத்துப் பார்ப்பார். நுழையாது. மறுபடி ராவுவார். கடைசியில் ஸ்பேனர் நுனி மட்டும் கவ்வியது, உள்ளே போகவில்லை. நான் "இன்னும் கொஞ்சம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, சுத்தியால் ஸ்பேனரை அடித்து இறக்கினார். அது ஆப்பு போல் ஏறிப் பிடித்தது. "லூசா நுழைஞ்சா மறுபடியும் வழுக்கும், தம்பி. அடிச்சு ஏத்துனாத்தான் பிடி." பிறகு ஒரே தட்டு.

வீட்டில் செய்ய முடிகிற முறைகளில் இதற்கு ஈடில்லை. அரம் ஒன்றும், தலையின் அளவைவிட ஒன்றிரண்டு நம்பர் சின்ன ஸ்பேனரும் போதும். பிளம்பர் வைத்திருக்கும் பைப் ரெஞ்சும் உருண்டையைக் கவ்வும். தலை வெளியே நன்றாக நீட்டிக்கொண்டிருந்து, சுற்றிலும் இடமும் இருந்தால் அதையே முதலில் பாருங்கள். இழுக்க இழுக்க அதன் பல் ஆழமாக இறங்கும். லாக் பிளையரை மட்டும் நான் சிபாரிசு செய்வதில்லை. அது ஒருமுறை வழுக்கினால் மிச்சமிருக்கும் தலையையும் பொடியாக்கிவிடும். கூர் உளியைத் தலை விளிம்பில் வைத்து ஒரு காடி வெட்டி, பிறகு உளியைச் சாய்த்து இடஞ்சுழியாக அடித்து நகர்த்துவது அந்தக் காலத்து வித்தை. பலிக்கும், ஆனால் உளி சறுக்கினால் நேரே கேஸில் இறங்கும். தலைமேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பிடிப்பது எல்லாவற்றிலும் வலுவானது, ஏனென்றால் புதுத் தலையும் கிடைக்கிறது, போல்ட்டும் சூடேறி இளகுகிறது. அதை பேட்டரி ஒயரைக் கழற்றி, பெட்ரோல் டேங்கையும் இறக்கி வைத்துவிட்டுச் செய்கிற பட்டறையில் மட்டும் செய்யுங்கள்.

தலையே முறிந்து கையோடு வந்துவிட்டால் பலரும் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது பாதி நல்ல செய்தி. போல்ட்டை இறுக்கிப் பிடித்திருந்தது தலைக்கும் கேஸுக்கும் நடுவிலிருந்த அழுத்தம். தலை போனதும் அந்த அழுத்தமும் போயிற்று. உள்ளே நிற்கும் தண்டு பெரும்பாலும் தளர்ந்திருக்கும். முனையில் ஹேக்சா பிளேடால் ஒரு காடி போட்டு ஸ்க்ரூ டிரைவரால் சுற்றினாலே வந்துவிடும். இதனால்தான் எதற்கும் மசியாத போல்ட்டின் தலையை டிரில்லால் குடைந்து எடுப்பதும் ஒரு முறையாக இருக்கிறது.

மரை போன போல்ட் வேறு வியாதி. அசையாமல் இருக்காது, கழற்றும் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், வெளியே மட்டும் வராது. நம் ஊரில் ஆளைப் பற்றிச் சொல்லும் அதே 'மரை கழன்ற' நிலைதான். வாஷருக்கு அடியில் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து லேசாக நெம்பிக்கொண்டே சுற்றினால், மிச்சமுள்ள மரையில் பிடித்து இறங்கி வரும். வெளியே வந்த போல்ட்டின் பள்ளங்களில் வெள்ளிச் சுருள் போல அலுமினியம் சிக்கியிருந்தால் கேஸின் மரைதான் உரிந்திருக்கிறது.

இங்கே எம்-சீல் பூசுகிறவர்கள், டெஃப்லான் டேப்பைச் சுற்றித் திருகுகிறவர்கள் உண்டு. பட்டறைக்குப் போய்ச்சேரும் வரை தாங்க வைக்கலாம், அவ்வளவுதான். டேப் துணுக்கு உள்ளே போனால் ஆயில் சல்லடையில் போய் அடைக்கும். தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் பெரிய சைஸ் போல்ட்டைக் கடையில் நீட்டுவார்கள். அது கோணலாக ஏறினால் கேஸ் விரிசல் விடும், நேராக ஏறினாலும் அடுத்த ஆயில் மாற்றத்துக்குத் தாங்குமா என்பது அதிர்ஷ்டம். சரியான வைத்தியம் இரண்டு. துளையைச் சுற்றிச் சதை போதுமான அளவு இருந்தால் 12.5 மி.மீ. டிரில் ஓட்டி, 14 மி.மீ. அளவில் 1.5 மரை வெட்டும் டேப் போட்டு, பெரிய போல்ட் மாட்டுவது ஒன்று. ஹெலிகாயில் என்ற எஃகுச் சுருளை உள்ளே பதித்து, பழைய 12 மி.மீ. போல்ட்டையே மாட்டுவது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அலுமினிய மரை இருந்த இடத்தில் எஃகு மரை வந்துவிடுவதால் முன்பைவிட வலுவாகிறது, நாளைக்கு வேறு ஊரில் வேறு மெக்கானிக்கும் வழக்கமான போல்ட்டையே மாட்டலாம். டிரில், டேப் இரண்டின் பள்ளத்திலும் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். தூள் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். முடித்ததும் விலை குறைந்த ஆயிலை ஒரு டம்ளர் மேலே ஊற்றிக் கீழே வடியவிட்டு, மிச்சத் தூளையும் கழுவி இறக்க வேண்டும்.

இதெல்லாம் செய்ய இன்றைக்கு நேரமில்லை, நாளை மறுநாள் சென்னை போக வேண்டும் என்றால்? போல்ட்டைத் தொடாமலேயே ஆயில் மாற்றலாம். டிப்ஸ்டிக் துளை வழியாக மெல்லிய குழாயை அடிவரை விட்டு, கை பம்பால் பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். அடியில் கொஞ்சம் வண்டல் தங்கும். ஒரு முறைக்கு ஏற்கலாம், வழக்கமாக்க வேண்டாம்.

மாட்டும்போது: பழைய வாஷரைத் திருப்பிப் போட்டு மாட்டுவது கஞ்சத்தனம்கூட அல்ல, கண்மூடித்தனம். மெத்தென்ற அலுமினிய வாஷர் நசுங்கித்தான் ஒழுகலை நிறுத்துகிறது. ஒருமுறை நசுங்கியதால் மறுபடி நசுங்க முடியாது, அப்போதுதான் ஆள் பைப்பைத் தேடுகிறார். புது வாஷர் போட்டு, முதல் மூன்று சுற்றை விரலாலேயே ஏற்றுங்கள். விரலுக்கு ஏறவில்லையென்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி. பிறகு சின்ன ஸ்பேனரால், அந்தப் பத்து கிலோ அரிசிப் பை அளவுக்கு. கடலோர வாசிகள் தலையின் வெளிப்பக்கத்திலும் விளிம்பிலும் ஒரு விரல் கிரீஸ் பூசிவிடுங்கள். மரையில் பூச வேண்டியதில்லை.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றினால் அது அரசலாறு வழியாகத் திரும்பி மீனில் வரும். கழிவு ஆயிலைச் சட்டமும் அபாயகரக் கழிவாகவே வைத்திருக்கிறது. மூடியுள்ள கேனில் பிடித்து, சேகரித்து வைக்கும் சர்வீஸ் பட்டறையில் கொடுங்கள்.

அன்று இரவு வண்டிக்கு அடியில், போல்ட்டுக்கு நேராக ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காற்றில் பறக்காமலிருக்க ஓரத்தில் செங்கல். காலையில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கறை இருந்தால் மிக லேசாக இறுக்கலாம். ஒன்றிரண்டு புள்ளி மட்டும் என்றால் அது மேலே ஒட்டியிருந்த பழைய ஆயில். துடைத்துவிட்டு, இன்னும் ஓரிரவு பேப்பரை அங்கேயே விடுங்கள்.